குதிரை கனைத்தது, திட்டம் உடைந்தது: கான்வாய்களைக் காத்த ‘மருதநாயகம்’ கதை என்ன?

காஞ்சிபுரம் என்றால் முதலில் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். அப்புறம் ஏகாம்பரநாதர், வரதராஜர், கோயில் இட்லி. ஆனால் அங்கிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் புள்ளலூர் என்றொரு கிராமம் இருக்கிறது. வயல்வெளிக்கு நடுவே கிழக்கிந்திய கம்பெனி அதிகாரிகளுக்கு எழுப்பிய பழைய நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பட்டு எடுக்க வரும் பலருக்கு இந்த ஊரின் பெயரே தெரியாது.

1780 செப்டம்பர் 10. வெடிமருந்து வண்டிகளோடு காஞ்சிபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்த கம்பெனிப் படை ஒன்று, இந்த ஊருக்குப் பக்கத்தில் சுற்றி வளைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் அந்தப் படை இல்லாமலே போனது. இந்தியாவில் கம்பெனி அதுவரை சந்தித்த மிக மோசமான தோல்வி அது.

வண்டிகளோடு போகும் படையைப் பதுங்கியிருப்பவர்களிடமிருந்து காப்பது எப்படி? இன்றைய ராணுவங்கள் ‘கான்வாய் பாதுகாப்பு’ என்று தனிப் பயிற்சியாகவே சொல்லித் தரும் விஷயம் இது. புள்ளலூருக்கு 26 வருடங்களுக்கு முன்பே இந்த வேலையில் பெயர் வாங்கிய ஒரு தமிழர் இருந்தார். அதே கம்பெனிக்காகத்தான் அதைச் செய்தார். அதே கம்பெனியின் கண் முன்னால்தான் தூக்கிலும் தொங்கினார்.

அவர்தான் முகமது யூசுப் கான். மக்கள் வாயில் கான் சாகிப். சினிமா ரசிகர்களுக்கு மருதநாயகம்.

யார் இந்த யூசுப் கான்?

1997-ல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் சென்னைக்கு வந்து, கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ பட தொடக்க விழாவில் கலந்துகொண்டார். படம் இன்றுவரை முடியவில்லை. அதனால் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும், கதை அரைகுறையாகத்தான் தெரியும்.

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூர்தான் அவர் பிறந்த ஊர் என்பது வழக்கு. பிறந்தது 1725 வாக்கில். வேளாளர் குடும்பத்தில் மருதநாயகம் பிள்ளையாகப் பிறந்தவர் என்றும், சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடியவர் என்றும் சொல்வார்கள். பிறகு இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். ஊர் ஊராகச் சுற்றி, பல எஜமானர்களிடம் வேலை பார்த்துப் போர்த்தொழிலைக் கற்றுக்கொண்டார். மாசா என்ற, போர்த்துகீசிய வம்சாவளியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பெண்ணை மணந்தார்.

1750-களின் தொடக்கத்தில் தனக்குக் கீழே இருந்த சிப்பாய்களோடு ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். அங்கிருந்து ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் என்ற தளபதியின் கண்ணில் பட்டார். சென்னையில் கம்பெனிக்கு ஒழுங்கான ராணுவத்தை உருவாக்கியவர் இந்த லாரன்ஸ். வரிசையாக நிற்பது, ஒரே நேரத்தில் சுடுவது, கட்டளை வந்தால் மட்டும் நகர்வது என்று ஐரோப்பியக் கவாத்தை அவரிடம் கற்றுக்கொண்டார் யூசுப் கான்.

ஆனால் அவரிடம் லாரன்ஸிடம் இல்லாத ஒன்றும் இருந்தது. இந்த மண் அவருக்குத் தெரியும். எந்த ஏரிக்கரைக்குப் பின்னால் ஆயிரம் பேர் ஒளியலாம், எந்தக் காட்டுப்பாதையில் மாடு நடக்கும், எந்த ஊர்க்காரன் யாரிடம் காசு வாங்குகிறான் என்பதையெல்லாம் அறிந்தவர் அவர்.

திருச்சியில் என்ன பிரச்னை?

அப்போது ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டி நடந்துகொண்டிருந்தது. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை, சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். அதோடு சண்டை முடிந்திருக்க வேண்டும். ஆனால் உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியைத் தருவதாகச் சொல்லியிருந்த முகமது அலி, காரியம் முடிந்ததும் கையை விரித்தார். மைசூர் தளபதி நஞ்சராஜா கோபத்தில் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். மராட்டியத் தலைவர் முராரி ராவும் அவரது குதிரைப்படையும் அதே பக்கம். ஸ்ரீரங்கத்தில் எதிரி முகாம், திருச்சிக் கோட்டைக்குள் ஆங்கிலேயர்.

கோட்டையில் பீரங்கி இருந்தது, ஆள் இருந்தார்கள். அரிசி இல்லை. அரிசி தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும், தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டைக் காடுகள் வழியாகவும் வரவேண்டும். பொதிமாடுகள், மாட்டு வண்டிகள், தலைச்சுமை கூலியாட்கள் என்று நீளும் வரிசை அது. காட்டுக்குள் இருக்கும்வரை பயமில்லை. காட்டை விட்டு வெளியே வந்து, திருச்சிக்குத் தெற்கே உள்ள வெட்டவெளியைக் கடக்கும் அந்தச் சில மைல்கள்தான் ஆபத்து. ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கே எந்த நேரத்திலும் பாயலாம்.

யோசித்துப் பாருங்கள். பொதிமாடு ஓடாது, வரிசை சுருங்காது. வெடிச்சத்தம் கேட்டால் மாடு மிரளும், வண்டிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓடுவார். முன்னால் போகும் சிப்பாய்க்குப் பின்னால் நடப்பது தெரியாது. எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது என்பதை எதிரிதான் முடிவு செய்வான்.

1754 பிப்ரவரி: என்ன தவறு நடந்தது?

அந்த மாதம் 15-ம் தேதி, பெரிய கான்வாய் ஒன்று திருச்சியை நோக்கி வந்தது. காவலுக்கு வந்தவர்களில் லாரன்ஸும் கிளைவும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கிரனேடியர் பிரிவும் இருந்தது. வீரர்களிடம் குறை இல்லை, அவர்களை நிறுத்திய விதத்தில்தான் குறை. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, வண்டி வரிசையின் இரண்டு பக்கமும் தூவியதுபோல் நடக்க விட்டிருந்தார்கள்.

பார்க்க முழுப் பாதுகாப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் எங்கும் ஆள் இருந்ததால் எங்குமே பலம் இல்லை. மைசூர், மராட்டியக் குதிரைப்படைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது, சிதறிக் கிடந்த குழுக்களால் ஒன்றுசேர முடியவில்லை. கிரனேடியர் பிரிவில் கொல்லப்பட்டவர்கள் போக மற்றவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அரிசியும் ஆயுதங்களும் எதிரி கைக்குப் போயின.

திருச்சியை முற்றுகையிட்ட மைசூர் படையில் அப்போது மெதுவாக மேலே வந்துகொண்டிருந்த ஒரு தளபதியும் இருந்தார். அவர் பெயர் ஹைதர் அலி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 12: குதிரை காட்டிக்கொடுத்த கதை

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே நிலை. அரிசி காட்டில் காத்திருந்தது. அதை எதிர்கொண்டு கூட்டிவர, கேப்டன் கலியாட் தலைமையில் ஒரு படை விடியும் முன்பே திருச்சியிலிருந்து தெற்கே கிளம்பியது. சிப்பாய்களுக்குப் பொறுப்பு யூசுப் கான்.

கான்வாய் வரும்வரை ஓர் ஏரிக்கரையில் மறைந்திருப்பது கலியாட்டின் திட்டம். தகவல் எப்படியோ எதிரிக்குப் போய்விட்டது. அதே ஏரிக்கரையில் பிரெஞ்சு, மைசூர் வீரர்கள் முன்பே வந்து பதுங்கிக்கொண்டார்கள்.

யூசுப் கான் படையோடு சேர்ந்து நடக்கவில்லை. முன்னணிக் காவலுக்கும் வெகுதூரம் முன்னால், இருட்டில் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். ஏரியை நெருங்கும்போது அவர் குதிரை கனைத்தது. கரைக்கு அந்தப் பக்கமிருந்து வேறு குதிரைகள் பதிலுக்குக் கனைத்தன.

அவ்வளவுதான். அந்த நேரத்தில் அங்கே குதிரைகள் இருக்கவேண்டிய காரணமே இல்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள கரைமீது ஏறிப் பார்த்தார். துப்பாக்கிகள் வெடித்தன. பதுங்கியிருந்தவர்களின் ரகசியம் அங்கேயே உடைந்தது.

கம்பெனிப் படை முழுதாக வலைக்குள் போவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டதால், கலியாட்டால் ஆட்களை ஒன்றுசேர்த்துத் தாக்க முடிந்தது. ஏரிக்கரையிலிருந்து எதிரியை விரட்டினார்கள். பொழுது விடிந்ததும் பெரிய குதிரைப்படை சூழ்ந்தது. நகரிலிருந்து உதவிப்படை வந்து சேர்ந்தது. கலையாமல், கூட்டமாக, கரைகளை அரணாக வைத்துச் சண்டையிட்டு, கடைசியில் பிரெஞ்சுப் படையைப் பின்வாங்க வைத்தார்கள். காட்டில் காத்திருந்த அரிசி அதன்பின் பத்திரமாக நகருக்குள் வந்தது.

பிப்ரவரியிலும் அதே நிலம்தான், அதே எதிரிதான். முடிவு மட்டும் மாறியது.

அவருடைய வழிமுறை என்ன?

யூசுப் கான் பாடப்புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஆனால் திருச்சியில் அவர் செய்த வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும்.

• தகவல் முதலில், துப்பாக்கி பிறகு. உளவாட்களை அமர்த்துவதும், அவர்கள் கொண்டுவரும் செய்தியைச் சோதிப்பதும் அவர் வேலை.

• படைக்கு முன்னால் கண்ணும் காதும் போகவேண்டும். வலையில் ஒருவர் முட்டினால் படை பிழைக்கும். படையே முட்டினால் யாரும் பிழைக்க மாட்டார்கள்.

• காவலர்களை வரிசை முழுக்கத் தூவக்கூடாது. பெரிய குழுவாக, ஒருவருக்கொருவர் உதவும் தூரத்தில் இருக்கவேண்டும்.

• மேட்டை முதலில் பிடிக்கவேண்டும். திருச்சிச் சமவெளியில் மேடு என்றால் பாறையும் ஏரிக்கரையும்தான்.

• பொதி வெட்டவெளிக்கு வருவதற்கு முன்னால் வழி சுத்தமாக இருக்கவேண்டும். வழியில் சண்டை நடந்தால் அரிசி காட்டிலேயே காத்திருக்கலாம்.

இன்று காஷ்மீரிலும் வடகிழக்கிலும் ராணுவ வாகனங்கள் கிளம்பும் முன், ‘ரோடு ஓப்பனிங் பார்ட்டி’ என்ற குழு சாலையைச் சோதித்துக்கொண்டே முன்னால் போகும். மேடுகளில் காவல் நிற்கும். மிசோரமில் உள்ள வைரங்டே ராணுவப் பள்ளியில் பதுங்கித் தாக்குவதையும் அதிலிருந்து தப்புவதையும் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். மாட்டு வண்டி லாரியாகிவிட்டது, குதிரையின் காதுக்குப் பதில் கருவிகள் வந்துவிட்டன. முன்னால் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

துரோகி என்று ஒரு கடிதம்

தகவல்தான் ஆயுதம் என்றால், அதே ஆயுதம் அவர் மீதும் திரும்பும்தானே? 1754-ல் யூசுப் கான் மைசூரோடு ரகசியமாகக் கைகோத்திருப்பதாகக் காட்டும் ஒரு கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சிக்கியது என்பதைவிட, சிக்கும்படி போடப்பட்டது என்பதே சரி. விசாரித்தபோது கடிதம் சதி என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன். தளபதியின் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் கேட்ட ஆள். அவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப் கான் குற்றமற்றவர் என்று முடிவானது. லாரன்ஸின் பாராட்டு கிடைத்தது, கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. கம்பெனியின் சிப்பாய்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட் ஆனார். தமிழ் வாய்க்கு அது ‘கம்மந்தான்’. கம்மந்தான் கான் சாகிப் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

காஞ்சிபுரத்துக்கு எப்போது வந்தார்?

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். இப்போது ஆட்டம் தலைகீழ். கோட்டைக்குள் இருக்கும் ஆங்கிலேயருக்கு வெளியே, செங்கல்பட்டைத் தளமாக வைத்து யூசுப் கானும் கேப்டன் பிரஸ்டனும் லாலியின் வழித்தடங்களைத் தொல்லை செய்தார்கள். திருச்சியில் பொதிகளைக் காத்தவர், இங்கே எதிரியின் பொதிகளைக் குறிவைத்தார். ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி இவர்களைப் பற்றி நொந்துகொண்டாராம். 1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்தது.

அந்த ஏப்ரலில் ஆங்கிலேயப் படை காஞ்சிபுரத்தைத் தாக்கிப் பிடித்தது. யூசுப் கானும் அந்தப் படையில் இருந்தார். சென்னைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே இருக்கும் ஊர் என்பதால் காஞ்சியைப் பிடிக்க இரண்டு பக்கமும் மோதிக்கொண்டே இருந்தார்கள். கோயிலின் உயர்ந்த மதில்களே கோட்டைச் சுவர் ஆயின.

காவலர், ஆட்சியாளர், கலகக்காரர்

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். வழிப்பறியை ஒடுக்கினார், வணிகர்களுக்குச் சாலைகளைத் திறந்தார், குளங்களைச் சீர்செய்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுத்தார்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. கம்பெனிக்கும் நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்கியதும் இவர்தான். பூலித்தேவரின் கோட்டைகள் 1761-ல் விழுந்தது இவருடைய பீரங்கிகளால். தென்பாண்டிச் சீமையில் இவரை வீரர் என்பவர்களும் உண்டு, துரோகி என்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மதுரையில் அவர் செல்வாக்கு ஏறியதை நவாப் முகமது அலியால் பொறுக்க முடியவில்லை. இவர் தனக்குக் கீழ்ப்பட்ட வேலைக்காரர் என்பது நவாபின் வாதம். கம்பெனி நவாபின் பக்கம் நின்றது. யூசுப் கான் பணிய மறுத்தார். 1763-ல் பிரெஞ்சு உதவியோடு தன்னை மதுரையின் சுதந்திர ஆட்சியாளராக அறிவித்துக்கொண்டார்.

கம்பெனிப் படை மதுரையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் நின்று எதிர்த்தவர்கள் அவர் பயிற்சி கொடுத்த ஆட்கள். வெளியே நின்ற கம்பெனிச் சிப்பாய்களும் ஒருகாலத்தில் அவருக்குக் கீழே இருந்த படைதான். 1764 ஜூன் 26-ல் நடந்த பெரிய தாக்குதலைக் கோட்டை முறியடித்தது. அதில் உயிருக்கு ஆபத்தான காயம்பட்டு இறந்தவர் மேஜர் பிரஸ்டன். செங்கல்பட்டில் இவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன்.

நேராக வெல்ல முடியாது என்று தெரிந்ததும் கம்பெனி வேறு வழிக்குப் போனது. எல்லாச் சாலைகளையும் அடைத்தது. உள்ளே ஒரு மூட்டை போகவில்லை. பட்டினி கிடந்த திருச்சிக்கு அரிசி கொண்டுவந்து சேர்த்தவர், பட்டினி கிடக்கும் மதுரைக்குள் மாட்டிக்கொண்டார். அவருக்கு அரிசி கொண்டுவர இன்னொரு யூசுப் கான் வெளியே இல்லை.

பசி வந்தால் விசுவாசம் கரையும். திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சு அதிகாரி மார்ஷாந்த், மருத்துவர் பாபா சாகிப் ஆகியோர் சேர்ந்து, 1764 அக்டோபர் 13-ல் தொழுகை நேரத்தில் அவரைக் கட்டிப்போட்டு எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15-ல் மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்து அறுந்து விழுந்ததாகவும், உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பியதாகவும் மக்கள் கதை சொல்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. மதுரையின் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடலும் உண்டு.

மறுபடியும் புள்ளலூர்

16 வருடம் கழிந்தது. திருச்சியில் நாம் பார்த்த ஹைதர் அலி இப்போது மைசூரின் அதிபதி. 1780 ஜூலையில் பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் படை நின்றது. அதோடு சேர வடக்கிலிருந்து கர்னல் பெய்லி வந்தார். வழியில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் அவரைப் பல நாள் நிறுத்தியது. அதற்குள் ஹைதரின் மகன் திப்பு குறுக்கே வந்துவிட்டார்.

மன்றோ அனுப்பிய உதவிப்படை, வழிகாட்டிகள் மேல் சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றியதால்தான் பத்திரமாகப் பெய்லியை அடைந்தது. செப்டம்பர் 9 இரவு எல்லோரும் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினார்கள். நடுவழியில் பெய்லி படையை நிறுத்தி, விடியட்டும் என்று காத்திருந்தார். அந்த இரவு முழுக்க எதிரி பீரங்கிகளை வசதியான இடங்களில் நிறுத்திக்கொண்டான். காலையில் திப்புவின் படையும் ஹைதரின் படையும் மூடின. ராக்கெட்டுகள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதோடு கதை முடிந்தது.

பெய்லி சிறைபட்டு, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்த வெற்றியை ஓவியமாகவே தீட்டி வைத்தார் திப்பு.

யூசுப் கான் உயிரோடு இருந்திருந்தால் புள்ளலூர் நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஹைதரின் படை அவ்வளவு பெரிது. ஆனால் ஒன்று சொல்லலாம். 1754-ல் திருச்சியில் கம்பெனிக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. பிப்ரவரியில் சிதறியதால் அழிந்தது, மே மாதத்தில் முன்னால் ஒருவர் போய்ப் பார்த்ததால் பிழைத்தது. அந்த ஒருவரை அது தூக்கிலிட்டுவிட்டது. அன்று எதிர்ப்பக்கம் நின்ற ஹைதரோ அந்த நாட்களை மறக்கவில்லை.

அடுத்த முறை காஞ்சிக்குப் பட்டு எடுக்கப் போனால், புள்ளலூர் பக்கம் ஒரு நடை போய்வரலாம். வயல், ஏரிக்கரை, நீளமான சாலை. அந்த நிலத்தைப் பார்த்தால், 1754-ல் ஓர் இருட்டு வேளையில் படைக்கு முன்னால் தனியாகக் குதிரையில் போனவருக்கு என்ன வேலை இருந்தது என்பது புரியும்.